வாசலில் வந்து கிடந்த செருப்புகள்

தணிகைவேல் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்த மறுநாள் காலையில், அவர் யார் யாருக்குப் பணம் தரவேண்டுமோ அத்தனை பேருடைய செருப்பும் அவர் வீட்டு வாசலில் வந்து கிடந்தது. கையில் ஒன்றுமில்லை, என் கடனையெல்லாம் தள்ளி என்னை விட்டுவிடுங்கள் என்று கோர்ட்டில் மனுப் போடுவதைத்தான் எங்கள் பக்கத்தில் மஞ்சள் நோட்டீஸ் என்போம். அப்படிக் கொடுத்தவர் வாசலில் ஆட்கள் வந்து கத்துவது வழக்கம்தான், செருப்பு மட்டும் தனியாக வந்தது அதுவே முதல் தடவை. வங்கி மேலாளரின் கறுப்பு ஷூ, உள்ளே சாக்ஸ் சுருட்டி வைத்தபடியே வந்திருந்தது. சிமெண்ட் கடை முனிரத்தினத்தின் தோல் செருப்பு வந்திருந்தது. வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரரின் செருப்பு பெங்களூரிலிருந்தே வந்திருந்தது. அப்புறம் படியிலிருந்து தெருமுனைக் குழாய் வரைக்கும், வார் அறுந்ததும் ஊக்கு குத்தியதும் குதிகால் தேய்ந்ததுமாக எங்களுடைய ரப்பர் செருப்புகள் வந்திருந்தன. நான் வெறுங்காலோடு தேடிக்கொண்டு போனபோது, என் நீலச் செருப்பு ரஹமத்பீயின் பச்சைச் செருப்போடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

எங்களுடைய என்றால், ஆம்பூருக்குப் பக்கத்தில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிற பெண்களுடைய செருப்புகள். முகம் தெரியாத தேசத்து மனிதர்களுக்கெல்லாம் பளபளவென்று ஷூ தைத்துப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு, ரப்பர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள் நாங்கள். எங்களுக்காகத்தான் தணிகைவேல், தன் கடை வியாபாரத்தோடு சேர்த்து, தீபாவளி பண்டு நடத்தினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் பணம் கட்டிக்கொண்டே வந்தால் தீபாவளிக்கு முன்னால் இனிப்பு டப்பாவும் பட்டாசும் எண்ணெயும் ஒரு சின்ன வெள்ளி விளக்கும் தருவார், ரஹமத்பீ மாதிரி விளக்கு வேண்டாதவர்களுக்கு அண்டா தருவார். பணம் வாங்க அவர் வரமாட்டார், அவர் மனைவி வேதவல்லி அக்கா வருவாள். அரக்குக் கலர் செருப்பைப் போட்டுக்கொண்டு வீடு வீடாக வந்து, குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா, மாமியார் சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டு, கடைசியில் வெட்கப்பட்டுக்கொண்டே பணத்தை வாங்கிப் போவாள். உண்மையில் நாங்கள் பண்டில் கட்டவில்லை, அக்கா கையில் கட்டினோம். அந்த வருஷம் தீபாவளிக்கு டப்பாவும் வரவில்லை, விளக்கும் வரவில்லை. சென்னையில் ஒரு கம்பெனியில் போட்டேன், அது மூடிவிட்டது, தொழிலில் நஷ்டம் என்று தணிகைவேல் சொன்னார். போலீசில் எழுதிக் கொடுத்தோம், அவரும் கொஞ்ச நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார், வந்து மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தார்.

செருப்பு ஏன் வருகிறது, எப்படி வருகிறது என்று எங்கள் தெரு ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, எப்படித் தடுப்பது என்றுதான் பார்த்தது. எங்களோடு வேலை செய்கிற சுலோச்சனா பீரோவில் வைத்துப் பூட்டினாள், காலையில் பீரோ பூட்டியபடி இருந்தது, செருப்பு தணிகைவேல் வாசலில் இருந்தது. முனிரத்தினம் புதுச் செருப்பு வாங்கினார், பழையதும் புதியதும் சேர்ந்து போயின. வீட்டுக்காரர் ஒரு வாரம் கூரியரில் அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, பெங்களூர்க் குளிரில் வெறுங்காலோடு இருக்கப் பழகிக்கொண்டார். நடுவில் விழித்திருந்து பார்க்கிறேன் என்று உட்கார்ந்தவர்கள் எல்லோரும் தூங்கிப்போனார்கள், எழுந்து வந்து, கண் அசந்த நேரத்தில் போய்விட்டது என்றார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, காலையில் பால் வாங்கப் போகிற மாதிரி செருப்பு எடுக்கப் போவதும் எங்கள் வேலைகளில் ஒன்றானது.

ஒரு தெரு ஒரே வாசலுக்குத் தினமும் போக ஆரம்பித்தால் அந்த வாசல் சும்மா இருக்குமா. கம்பெனி பஸ்காரர் தெருமுனையில் நிற்பதை விட்டுவிட்டு தணிகைவேல் வீட்டுக்கு எதிரே நிற்க ஆரம்பித்தார், எப்படியும் அத்தனை பேரும் அங்கேதானே ஏறவேண்டும். பூக்காரி கூடையை அங்கே இறக்கினாள், டீக்காரர் சைக்கிளை அங்கே நிறுத்தினார், செருப்பு தைக்கிற மாயாண்டி சாக்கை விரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பேச்சுவார்த்தை நின்றுபோன இரண்டு ஓரகத்திகளின் செருப்புகள் தினமும் ஜோடி மாறிக் கலந்து கிடந்ததால், அது என்னுது, இது உன்னுது என்று சொல்ல வேண்டி வந்து, அப்படியே சமாதானம் ஆனார்கள். வங்கி மேலாளர் முதலில் ஆள் விட்டுத்தான் ஷூவை எடுத்துவரச் சொன்னார். அப்புறம் ஒரு நாள் அவரே வெறுங்காலோடு வந்தார், டீ குடித்தார், எங்கள் சம்பளம் எவ்வளவு என்று கேட்டு வருத்தப்பட்டார். வருத்தப்பட்டதற்காகக் கடன் எதுவும் தரவில்லை, அது வேறு விஷயம்.

தணிகைவேல் மட்டும் வெளியே வரமாட்டார், ஜன்னலைக்கூடத் திறக்கமாட்டார். வேதவல்லி அக்காதான் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, திசைக்கொன்றாகக் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்து, ஈரத்துணியால் துடைத்து, வார் அறுந்திருந்தால் ஊக்கு குத்தி, அவசரமாக ஓடுகிறவர்களுடையதை முன்வரிசையிலும் கைக்குழந்தைக்காரிகளுடையதைக் குனியாமல் எடுக்கத் தோதாகப் படியின் மேலும் வைப்பாள். முதல் வாரம் நாங்கள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் தன் செருப்பைத் துடைத்து வைக்கிறவளோடு எத்தனை நாள் பேசாமல் இருக்க முடியும், ரெண்டாவது வாரம் நான் பேசிவிட்டேன். மழை நாளில் அத்தனையையும் உள்ளே எடுத்துவைத்து, துணி உலர்த்துகிற மாதிரி கொடியில் மாட்டியிருந்தாள். எங்களுக்கு அவள்மேல் கோபம் இல்லை, அதை அவளிடம் சொல்லத்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

வழக்கு ஒன்றரை வருஷம் நடந்தது. கோர்ட் ஆள் வந்து கடையையும் ஸ்கூட்டரையும் பீரோவையும் விற்று, வந்ததைப் பங்கு போட்டதில் எங்களுக்கு ஆளுக்கு ஒரு வாரத்து டீக்காசு தேறியது. அப்புறம் ஒரு புதன்கிழமை, இவரைக் கடன்களிலிருந்து விடுவித்தாயிற்று என்று நீதிபதி உத்தரவு போட்டார். தணிகைவேல் அன்றைக்கு லட்டு வாங்கிக்கொண்டு வந்தார். நாளைக்கு இந்த வாசலைப் பாரு, கூட்டித் தண்ணி தெளிச்சா கோலம் போட இடம் இருக்கும், இனிமேல் நாம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று அக்காவிடம் சொன்னாராம். அக்கா லட்டை வாங்கிச் சமையல் மேடையில் வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலையில் அவரே கதவைத் திறந்தார், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு திறந்தார். வங்கி மேலாளரின் ஷூ வரவில்லை, முனிரத்தினத்தின் செருப்பு வரவில்லை, பெங்களூர்ச் செருப்பும் வரவில்லை. எங்களுடையவை மட்டும் ஒன்றுகூடக் குறையாமல் வந்திருந்தன. தணிகைவேலுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. போனைப் போட்டு வக்கீல் சம்பங்கியை அந்த நிமிஷமே வரச்சொன்னார். பழக்கதோஷத்தில் வங்கி மேலாளரும் வந்திருந்தார், காலில் ஷூ போட்டுக்கொண்டு வந்துவிட்டதை டீயைக் கையில் வாங்கிய பிறகுதான் கவனித்தார்.

வக்கீல் சம்பங்கி வந்து, வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்புகளுக்கு நடுவே பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, படி வரைக்கும் போய்ச் சேர்ந்தார். எல்லாம் தள்ளுபடியாகிவிட்டது என்றுதானே நேற்றுச் சொன்னாய், இது என்ன என்று தணிகைவேல் கேட்டார். வக்கீல் எங்களைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு குரலைத் தணித்துக்கொண்டார், தணித்தும் எங்களுக்குக் கேட்டது.

"கடன் வாங்கிக் கட்ட முடியலன்னா கோர்ட்டு விட்டுடும், தணிகை. பேங்க்கு, சிமெண்ட்டு, வாடகை, அதெல்லாம் போயிடுச்சு. ஏமாத்தி வாங்கினது அதுல சேராது. அதை எந்த மஞ்சள் நோட்டீசும் அழிக்காது. ஆடி மாசமே சென்னைக் கம்பெனி மூடினது உனக்குத் தெரியும், அதுக்கப்புறமும் புரட்டாசி வரைக்கும் நீ வசூல் பண்ணியிருக்கேன்னு ஜட்ஜு தெளிவா சொல்லிட்டாரு."

அப்போது அக்கா கையில் என் நீலச் செருப்பு இருந்தது, துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஆடி மாசமே தெரியுமா உங்களுக்கு?"

தெரிந்து மட்டும் என்ன செய்திருக்க முடியும், எப்படியாவது சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன், பாதியில் நிறுத்தினால் அப்போதே எல்லோரும் வந்து கழுத்தைப் பிடித்திருப்பார்கள் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார்.

"என் கையாலதானே வாங்கினேன்," என்றாள் அக்கா.

என் செருப்பை ஜோடி சேர்த்து என் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். பத்து மணி பஸ்ஸுக்கு, ஒரு பையோடு, அரக்குக் கலர் செருப்பைப் போட்டுக்கொண்டு, குடியாத்தத்தில் இருக்கும் தங்கை அம்சவேணி வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது கதவைச் சாத்தவில்லை, யாரையும் திட்டவில்லை, எப்போது வருவேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் செருப்புகள் துடைக்க ஆளில்லாமல், மேலும் கீழுமாக, குப்பை கொட்டின மாதிரிக் கிடந்தன. நாங்களே தேடித் தேடி எடுத்தோம். பஸ்காரர் ஹார்ன் அடித்தார். ஒவ்வொரு ஜோடியாகக் குறைந்து கடைசியில் ஒரு ஜோடி மட்டும் படியோரம் நின்றது, அரக்குக் கலரில், இடது வாரில் வெள்ளை நூல் போட்டுத் தைத்தது. தணிகைவேல் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் வேதா, வேதா என்று கூப்பிட்டுக்கொண்டு சமையலறைக்கு ஓடினார், பின்கட்டுக்கு ஓடினார், மாடிக்கு ஏறி இறங்கினார், மூச்சு வாங்க வாசலுக்கு வந்து, எங்கே அவள், செருப்பு இருக்கிறதே, எப்போது வந்தாள் என்று எங்களைக் கேட்டார். ஒன்றரை வருஷத்தில் அவர் எங்களைப் பார்த்துப் பேசினது அதுதான் முதல் தடவை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், அதனால் நான்தான் சொன்னேன்.

"அக்கா வரலண்ணா. செருப்பு மட்டும்தான் வந்துகீது. அவங்களும் பண்டு கட்டினாங்க. ஜாக்கெட் தைக்கிற காசுல, அவங்க அம்மா பேர்ல கட்டினாங்க. தீபாவளி அன்னிக்கு எங்களோட வரிசையில நின்னு உங்க கையால விளக்கு வாங்கணும்னு ஆசை. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்க வாயைக் கட்டிட்டாங்க."

அத்தனை நாளும் அந்த ஜோடி அந்த வரிசையில்தான் கிடந்தது. எங்கள் செருப்பு வந்த எல்லா நாளும் அதுவும் அதே வாசலில்தான் இருந்தது; வீட்டுக்காரியின் செருப்பு வீட்டு வாசலில் கிடப்பதை யார்தான் கவனிப்பார்கள், அவர் கவனிக்கவில்லை, பண்டு கட்டியது தெரிந்திருந்த நாங்கள்கூட அதைச் சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை. தணிகைவேல் படியில் அப்படியே உட்கார்ந்தார். அந்தச் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வெள்ளை நூல் போட்ட இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். நாங்கள் பஸ் ஏறிவிட்டோம், பஸ் திரும்புகிற வரைக்கும் அவர் அங்கேயே இருந்தார்.

அதற்கப்புறம் குடியாத்தத்தில் நடந்தது அம்சவேணி சொல்லி எங்களுக்குத் தெரியும். மஞ்சப்பையில் செருப்பைப் போட்டுக்கொண்டு மத்தியானம் போய் இறங்கினாராம். அக்கா முற்றத்தில் வெறுங்காலோடு உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாளாம். காலையில் செருப்பைக் காணாமல் தேடியபோதே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டிருக்கிறது. அவர் பையிலிருந்து எடுத்து அவள் காலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தெரிஞ்சேதான் வாங்கினேன், வேதா. தெரிஞ்சே உன்னை அனுப்பினேன்," என்றார்.

இதை எனக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது, வாசலில் நின்று அவர்களிடம் சொல்லுங்கள் என்று அக்கா சொன்னாள். அவர் திரும்பி வந்தார், மறுநாள் எங்கள் செருப்புகளைத் தானே ஜோடி சேர்த்தார், ஜோடி சேர்க்கத் தெரியாமல் ரஹமத்பீயின் ஒன்றையும் என்னுடைய ஒன்றையும் சேர்த்து வைத்தார், பிறகு வாசலில் நின்று, ஆடி மாசமே தெரியும், தெரிந்தே வாங்கினேன் என்று சொன்னார். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டுவதற்கு வைத்திருந்ததெல்லாம் அந்த ஒன்றரை வருஷத்தில் தீர்ந்துபோயிருந்தது போலிருக்கிறது. சுலோச்சனா மட்டும், சரி, எப்போது தருவாய் என்று கேட்டாள், அது நியாயமான கேள்விதான்.

சொல்லிவிட்டால் செருப்பு வருவது நின்றுவிடும் என்று அவர் உள்ளுக்குள் நினைத்திருக்க வேண்டும். நிற்கவில்லை. அடுத்த நாளும் எங்களுடையவை வந்தன, அக்காவுடையதும் வந்தது. மறுபடி மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு குடியாத்தம் போனார், கொடுத்துவிட்டு வந்தார். காலையில் அது இங்கே வந்துவிட்டது, மறுபடி போனார். இப்படியே அவர் போவதும் வருவதுமாக, கண்டக்டர் அவரைப் பார்த்ததும் கேட்காமலே டிக்கெட் கிழிக்கிற அளவுக்கு ஆனபோது, ஒரு நாள் அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு அவரோடேயே கிளம்பிவிட்டாள். பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசை அந்தப் பெண்களுக்குக் கொடுங்கள் என்றாளாம். வேறு எதற்காகவும் வரவில்லை என்று எங்களிடமும் கண்டிப்பாகச் சொன்னாள்.

தணிகைவேல் எங்கள் கம்பெனியிலேயே பெட்டி தூக்குகிற வேலைக்குச் சேர்ந்தார். நாங்கள் தைத்த ஷூவை அவர் லாரியில் ஏற்றுவார். சாப்பாட்டுக்குப் போக மிச்சத்தில் மாசம் ஒருத்திக்கு முழுசாகத் திருப்பித் தரலாம் என்று தெரிந்ததும், யாருக்கு முதலில் என்ற கேள்வி வந்தது. சீட்டு கட்டிப் பழகினவர்கள் நாங்கள், வேறென்ன செய்வோம், குலுக்கிப்போட்டு எடுத்தோம். மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்த வாசலில் கூடி, பேர் எழுதின துண்டுகளைச் சொம்பில் போட்டுக் குலுக்கி, சுலோச்சனாவின் பேத்தியை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். யார் வீட்டிலாவது பிரசவம், கல்யாணம் என்றால் எடுத்த துண்டை மறுபடி சொம்பில் போட்டுவிட்டு அவளுக்கு விட்டுக்கொடுப்போம். யாருக்குப் பணம் வந்ததோ அவள் செருப்பு மறுநாள் அவள் வீட்டிலேயே இருந்தது. இருந்தாலும் அவள் அதைப் போட்டுக்கொண்டு நேராக இங்கேதான் வந்தாள், பஸ் இங்கேதானே வருகிறது.

ஒவ்வொரு தடவையும் அக்கா பேரை எழுதிப் போடலாம் என்று யாராவது சொல்வோம், அவள் துண்டைப் பிடுங்கிக் கிழித்துவிடுவாள். நான் வாங்கினவள், கடைசியில் நிற்கிறேன் என்பாள். வீட்டுக்குள் அவர்கள் பேசிக்கொண்டார்களா என்று எங்களுக்குத் தெரியாது. சோறு போட்டாள், மருந்து வாங்கி வைத்தாள், பெட்டி தூக்கி அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது தைலம் தேய்த்துவிட்டாள், ஆனால் அவர் முகத்தைப் பார்த்து அவள் சிரித்ததை நாங்கள் பார்க்கவில்லை. தணிகைவேலுக்கு ஒன்றுதான் பயம், எல்லோருக்கும் கொடுத்து முடித்து அவளுக்கும் கொடுத்துவிட்டால், அந்த வாசலில் இருக்க அவளுக்கு வேறு காரணம் இருக்குமா என்று. லாரி ஏற்றி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் இதை அவர் என்னிடமே சொன்னார், எனக்கும் அது தெரியாது.

வருஷங்கள் போய், வரிசை படிக்குப் பக்கத்தில் வந்து, ரஹமத்பீயின் பச்சைச் செருப்பும் நின்ற பிறகு, ஒரு தீபாவளிக்கு முதல் வாரம் தணிகைவேல் ஒரு வெள்ளி விளக்கும் இனிப்பு டப்பாவும் எண்ணெயும் பட்டாசும் வாங்கிவந்து வாசலில் வைத்தார். அக்கா தனியாக வந்து வாங்கமாட்டேன் என்றாள். அவள் ஆசைப்பட்டது வரிசையில் நிற்க அல்லவா. அதனால் வாங்க வேண்டியது எதுவும் இல்லாத நாங்கள் எல்லோரும் அவளுக்கு முன்னால் வரிசையாக நின்றோம், குழாய் வரைக்கும் நின்றோம், வங்கி மேலாளர் ரிட்டையராகிவிட்டிருந்தார், அவரும் வந்து நின்றார். ஒவ்வொருவராக நாங்கள் விலக விலக அக்கா நகர்ந்து வந்து, இரண்டு கையையும் நீட்டி விளக்கை வாங்கிக்கொண்டாள். தணிகைவேல் அழுதார், நாங்களும் அழுதோம், அக்கா அழவில்லை. விளக்கை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து எல்லோருக்கும் டப்பாவைப் பிரித்து இனிப்புக் கொடுத்தாள்.

தீபாவளி முடிந்ததும் அம்சவேணியின் பேத்திக்குக் காதுகுத்து என்று அக்கா குடியாத்தம் போனாள். போய்விட்டு வருகிறேன் என்று வழக்கம் போலத்தான் சொன்னாள். மறுநாள் காலையில் நாங்கள் எல்லோரும் கொஞ்சம் முன்னாடியே கிளம்பிப் போனோம், அக்காவின் செருப்பு வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் போனோம். தணிகைவேல் கதவைத் திறந்தார். வாசலில் ஒன்றுமே இல்லை. எத்தனையோ வருஷம் கழித்து அந்தப் படி முழுசாகத் தெரிந்தது, எங்கெங்கே தேய்ந்திருக்கிறது என்றுகூடத் தெரிந்தது. கடன் தீர்ந்தது அண்ணா என்று சுலோச்சனா சந்தோஷமாகத்தான் சொன்னாள். அவர் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அந்த வெறும் படியில் உட்கார்ந்தார், வேலைக்கு வரவில்லை.

சாயங்காலம் நாங்கள் பஸ்ஸில் திரும்பி வந்தபோதும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார், சாப்பிட்டிருக்க மாட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. யாருக்கும் வீட்டுக்குப் போக மனசு வரவில்லை, பூ வாங்குகிற மாதிரி நின்றோம். இருட்டுகிற நேரத்தில் குழாய்ப் பக்கமாக அக்கா வந்தாள், அரக்குக் கலர் செருப்பு போட்டுக்கொண்டு, கையில் காதுகுத்து வீட்டுத் தாம்பூலப் பையோடு வந்தாள். எங்கள் கூட்டத்தைப் பார்த்தாள், படியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள்.

"இன்னாங்க, வாசல்லயே உக்காந்துட்டீங்க. நகருங்க, உள்ள போகணும்."

அவர் நகர்ந்து இடம் விட்டார். அக்கா செருப்பைக் கழற்றிப் படியோரம் விட்டுவிட்டு உள்ளே போய் விளக்கைப் போட்டாள். தணிகைவேல் குனிந்து அந்த ஜோடியைத் தன் சட்டை நுனியால் துடைத்து, சேர்த்து வைத்தார்.